வாயிலின் எந்தப் பக்கம்?

அண்மையில் உலக வரலாற்று நூலொன்று நம் கைக்குக் கிடைத்தது. தாள் நன்று, அச்சு நன்று, இட்லரின் கொடுமைகளைக் கூறும் இயலிலே ஆசிரியர் காட்டும் நெஞ்சக் கொதிப்பும் நன்று. அந்த இயலின் முகப்பில் ஒரு நிழற்படம். பனி படர்ந்த நிலம், நடுவே தண்டவாளங்கள், தொலைவில் நீண்டு கிடக்கும் செங்கற் கட்டடம், அதன் நடுவில் ஒரு கோபுரம், கோபுரத்தின் அடியில் வளைந்த வாயில். கீழே ஒரு குறிப்பு: "1942 - ஆஷ்விட்சு இரயில் நிலையத்தை நெருங்கிய கைதிகள் கண்ட காட்சி."

ஒரே வரி. அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள்!

குற்றம் காணவே கிளம்பிவிட்டோம் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! நாமும் அந்த வரியை நம்பியவர்கள்தாம். நூலைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று, மாணவர் முன் விரித்து, "இதோ, இவ்வழியேதான் வந்தார்கள், இவ்வாயிலுக்குள்தான் மறைந்தார்கள்" என்று குரல் தழுதழுக்கப் பேசியவர்கள்தாம். அந்த உருக்கத்தைக் கலைத்தான் ஒரு சிறுவன். தந்தை இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். எழுந்து நின்று கேட்டான்: "ஐயா, வாயிலண்டை ஒரு பாதைதானே தெரிகிறது? நம் பக்கம் வரவரப் பல பாதைகளாகப் பிரிகிறதே! பாதை பிரிவது நிலையத்துக்கு உள்ளேதானே, ஐயா?"

வாயடைத்து நின்றோம். ஒற்றைப் பாதையில் ஓடிவரும் வண்டி, நிலைய எல்லைக்குள் புகுந்த பிறகன்றோ இரண்டாம் பாதையையும் மூன்றாம் பாதையையும் காணும்! எத்தனை முறை சன்னலோரம் அமர்ந்து அதைப் பார்த்திருக்கிறோம்! ஆயினும், படத்தைப் பார்க்குமுன் குறிப்பைப் படித்தோம். குறிப்பைப் படித்தபின் படத்தைப் பார்க்கவேயில்லை. அச்சில் வந்துவிட்டது என்பதற்காகவே புராணத்தை நம்புவோரை எள்ளி நகையாடும் நாம்தாம், அச்சில் வந்த ஒரு வரிக்கு அப்படியே தலையாட்டினோம்.

பையன் கண்டதே உண்மை. படத்தை எடுத்தவர் போலந்து நாட்டுப் புகைப்படக்காரர் ஸ்டானிஸ்லாவ் மூக்கா. செஞ்சேனை அம்முகாமை விடுவித்தது 1945 சனவரி 27இல்; படம் அதன் பிறகு, அவ்வாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது. கருவியை அவர் ஊன்றிய இடம் பிர்க்கனவ் முகாமின் உட்புறம். வெளியே ஒற்றைப் பாதையாக வரும் இருப்புப் பாதை, வாயிலைக் கடந்ததும் மூன்றாக விரிகிறது. அந்தப் பாதைகளை ஒட்டிய இறக்குமேடையின் பக்கமிருந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறது அந்தப் படம்.

இதை இரயில் நிலையம் என்பதும் தவறு. ஒஷ்வியன்சிம் என்னும் அந்தப் போலந்து ஊருக்குத் தனியே நிலையம் உண்டு; பல பாதைகள் கூடும் சந்திப்பு அது. ஆஷ்விட்சு என்பது செருமானியர் வழங்கிய பெயர்.

இனி, ஆண்டு. 1942 முதல் 1944 மே வரை, வண்டிகள் முகாமுக்குள் வரவேயில்லை. இரு முகாம்களுக்கும் இடையே, சரக்குப் பாதையோரம் இருந்த பழைய மேடையில் மக்களை இறக்கினார்கள். கிரேக்க நாட்டுச் சலோனிக்காவிலிருந்து 1943இல் கொண்டுவரப்பட்ட 40,000க்கும் மேற்பட்ட யூதர்கள் இறங்கியது அங்கேதான். இவ்வாயில் வழியாக வண்டி நுழைந்தது 1944 மே மாதத்திலிருந்துதான். அங்கேரி நாட்டு யூதர்களை இலட்சக்கணக்கில் கொண்டுவந்து கொல்வதற்காகவே பாதையை உள்ளே நீட்டினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் ஆலந்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஆன் பிராங்க் இவ்வாயிலைக் கடந்தாள். சலோனிக்காக் குழந்தைகள் இறங்கிய இடம் வேறு. அந்த இடத்துக்குரிய நினைவை இந்த வாயில் விழுங்கிவிட்டது.

திரைப்படமும் தன் பங்கைச் செய்தது. 1993இல் வந்த 'சிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்துக்காக முகாமுக்குள் படம்பிடிக்க எதிர்ப்பு எழவே, வாயிலுக்கு வெளியே அரங்கம் அமைத்தார்கள். வெளிப்புறமே உட்புறமாகக் காட்டப்பட்டது! கலைக்கு அந்த உரிமை உண்டு. இடம் கொடுக்காதபோது வேறென் செய்வார்கள்? வரலாற்று நூலுக்கோ அந்த உரிமை இல்லை.

"பதினொரு இலட்சம் பேர் மாண்ட இடத்தில், உட்புறம் வெளிப்புறம் என்று ஆராய்ச்சியா?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். நல்ல நெஞ்சத்தினர், ஆகவே சினம் கொள்ளவில்லை. ஆனால், அப்படுகொலை நடக்கவேயில்லை என்று சாதிக்கும் கூட்டமொன்று உலகில் உண்டென்பதை அவர் மறந்தார். அவர்களுள் பெயர்பெற்ற டேவிட் இர்விங், 2000ஆம் ஆண்டு இலண்டன் நீதிமன்றத்தில், தாமே தொடுத்த வழக்கில் தோற்றார்; சான்றுகளைத் திரித்தவர் என்று தீர்ப்புரைத்தார் நீதிபதி. ஆராய்ந்து வைத்த சான்றுகள் அன்று வென்றன. பிழையான குறிப்போடு ஒரு படத்தை நீட்டினால், "இது பொய், ஆகவே எல்லாம் பொய்" என்று கைகொட்ட அவர்கள் காத்திருக்கிறார்கள்.

சரியாக இடம் காணப்பட்ட படங்கள் என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. லிலி ஜேக்கப் என்னும் 18 வயதுப் பெண், 1944 மே மாதம் குடும்பத்தோடு அந்த மேடையில் இறக்கப்பட்டவள். மறு ஆண்டு, விடுதலையான நேரத்தில், தொலைவிலுள்ள டோரா முகாமின் காவலர் விடுதியில் ஒரு படத்தொகுப்பைக் கண்டெடுத்தாள். புரட்டினால், தன் ஊரார்! தன் உடன்பிறந்தார்! நாஜிக் காவலர்களே எடுத்த, ஏறத்தாழ 200 படங்கள். சிலவற்றில் பெட்டிகளுக்குப் பின்னே அதே கோபுர வாயில். சிலவற்றில் மேடையின் மறுகோடியில் பிணம் எரிக்கும் கூடங்களின் புகைபோக்கிகள். ஒருபுறம் வாயில், மறுபுறம் புகைபோக்கி. இடையே பெட்டிகளை விட்டிறங்கித் தாய்மாரும் குழந்தைகளும் நின்ற நிலம் எதுவென்று எவர் மறுக்க முடியும்? 1963 முதல் 1965 வரை பிராங்க்பர்ட்டில் நடந்த வழக்கில் அத்தொகுப்பு சான்றாக நின்றது. அப்பெண்ணும் சென்று சாட்சி சொன்னாள்.

மூக்காவின் படத்தை மீண்டும் பாருங்கள். முன்புறத்தில், பனியிலே சிதறிக் கிடப்பவை பாத்திரங்கள். சமையலுக்கு என்று வீட்டிலிருந்து எடுத்து வந்தவை. வெளியே நின்று பார்க்கிறோம் என்று நம்பியவரை அவை நம் கண்ணில் படவேயில்லை. கண் வாயிலுக்கே ஓடியது. உள்ளே நிற்கிறோம் என்று அறிந்த பிறகு, கால் அவற்றில் இடறுகிறது.

பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறோம். நம் படியில் பழைய குறிப்பை அடித்துவிட்டு, அச்சிறுவன் கையாலேயே இப்படி எழுதச் செய்தோம்: "பிர்க்கனவ் முகாம், 1945. உள்ளேயிருந்து, வாயிலை நோக்கி."