ஐந்தாம் இடம்: தமிழ் வலைப்பதிவுகளின் தொடர்பதிவும் தன்னைப் பற்றிய பேச்சும்

நன்னூலின் பாயிரப் பகுதி, தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்று விதிக்கிறது. அடுத்த நூற்பாவிலேயே அவ்விதிக்கு நான்கு விலக்குகளையும் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் ஒருவர் தம்மைப் பற்றிக் கூறிக்கொள்ளலாம். 2003 தொடங்கி இணையத்தில் தமிழ் வலைப்பதிவுகளை எழுதியோர் இந்நூற்பாக்களை எண்ணி எழுதினர் என்று கொள்ள இடமில்லை. ஆயினும் அவர்களிடையே பரவிய தொடர்பதிவு என்னும் விளையாட்டு, இந்நான்கோடு ஐந்தாவதாக ஓர் இடத்தைச் சேர்த்தது: பிறர் அழைத்தபோது.

தொடர்பதிவின் விதி எளியது. ஒருவர் தம்மைப் பற்றிய குறிப்பிட்ட எண்ணிக்கையிலான செய்திகளை எழுதி, இறுதியில் வேறு சிலரைப் பெயர் சுட்டி அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டோரும் அவ்வாறே செய்ய வேண்டும். 2006இல் 'நாலு', 'ஆறு' என்றும், 2007இல் 'எட்டு' என்றும், 2009இல் முப்பத்திரண்டு கேள்விகள் என்றும் இது தமிழில் வலம்வந்தது. ஆங்கில வலைப்பதிவுகளில் இவை 'மீம்' எனப்பட்டன; ரிச்சர்டு டாக்கின்ஸ் 1976இல் பண்பாட்டுக் கூறுகளின் பரவலைக் குறிக்க உருவாக்கிய சொல் அது. அஞ்சலட்டையில் பத்துப் படி எழுதி அனுப்பாவிட்டால் தீங்கு நேரும் என்று மிரட்டிய சங்கிலிக் கடிதங்களை நம் ஊர்களும் அறியும். தொடர்பதிவில் அம்மிரட்டல் இல்லை. அழைத்தவரின் மனம் கோணுமே என்ற தயக்கம் மட்டுமே உண்டு.

மூலம் ஆங்கிலமாயினும் தமிழில் வந்ததும் அது வேறொன்றாயிற்று. 'எட்டு' என்ற எண், ஓட்டுநர் உரிமத் தேர்வில் இருசக்கர வண்டியை எட்டு வடிவில் ஓட்டிக் காட்டும் சடங்கோடு இணைந்து, 'எட்டுப் போடுதல்' ஆனது. 'ஆறு' எண்ணாகவும் நீராகவும் தணிவாயாக என்னும் ஏவலாகவும் சிலேடைக்கு இடம் தந்தது. முப்பத்திரண்டு கேள்விகளில் ஒன்று பிடித்த மதிய உணவு எது என்று வினவுகிறது. அதன் ஆங்கில மூலம் வினவுவதோ ரொட்டியினுள் வைத்துண்ணும் பதப்படுத்திய இறைச்சி வகையை. மொழிபெயர்ப்புப் பிழை என இதனை ஒதுக்குவது எளிது. ஆனால் சாம்பாரும் மீன்குழம்பும் கட்டுசோறும் பேசப்படுவதற்கான வாயில் அப்பிழையால் திறந்தது. கடலில் குளிக்கப் பிடிக்குமா அருவியிலா என்ற கேள்வியும் இம்மண்ணின் வாடை கொண்டதே.

வழக்குச்சொல்லின் பணி

இப்பதிவுகள் தமக்கெனச் சில சொற்களைக் கொண்டிருந்தன. அவற்றைக் கொச்சை என்று தள்ளுவோரும் உளர், இளைஞர் மொழி என்று பட்டியலிட்டு அமைவோரும் உளர். இருசாராரும் அவை பனுவலில் என்ன செய்கின்றன என்று கேட்பதில்லை. 'மொக்கை' என்பது மழுங்கிய முனையைக் குறித்த சொல். வலைப்பதிவு வழக்கில் அது பயனற்ற பதிவைக் குறித்தது. ஆனால் ஒருவர் தம் பதிவின் தலைப்பிலேயே 'மொக்கை' என்று எழுதிவிடும்போது அது மதிப்பீடாக நில்லாமல் காப்பாக மாறுகிறது. குத்தவரும் முனையைத் தாமே மழுக்கி வைப்பது போன்றது அது. காப்பியப் புலவர் தம் நூலின் சிறுமையைத் தாமே கூறிப் பாடத் தொடங்கும் அவையடக்கத்தின் பணியை இச்சொல் செய்கிறது எனலாம்.

அவ்வாறே 'ஆணி'. 2001இல் வெளிவந்த 'ப்ரெண்ட்ஸ்' திரைப்படத்தின் வடிவேலு நகைச்சுவைக் காட்சியிலிருந்து பிறந்து, அலுவலக வேலை என்னும் பொருள்பெற்ற சொல் இது. 'ஆணி அதிகம்' என்ற தொடர், தாமதத்திற்கான மன்னிப்பையும், எழுத்து தம் தொழில் அன்று என்ற அறிவிப்பையும் ஒருங்கே தருகிறது. இவற்றினும் நுண்ணியது 'மாட்டிவிட்டார்' என்னும் வினை. அழைப்பைப் பெற்றவர், இன்னார் என்னை இதில் மாட்டிவிட்டார் என்று தொடங்குவார். 'விடு' என்னும் துணைவினை, செயல் தம் விருப்பின்றி முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. தம்மைப் பற்றிப் பேச விரும்பியவர் பேசவைக்கப்பட்டவராகத் தோன்றுகிறார். விருப்பத்தை மறைக்கும் இவ்விலக்கணமே தொடர்பதிவின் உயிர் என்பது என் கருத்து.

இங்கு நன்னூலை மீண்டும் நோக்குதல் தகும். நூலாசிரியர் தமக்குத் தாமே சிறப்புப்பாயிரம் கூறுதல் கூடாது. ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ கூறவேண்டும். முப்பத்திரண்டு கேள்விகளுள், அழைக்கப்போகும் பதிவரிடம் உமக்குப் பிடித்தது என்ன, ஏன் அவரை அழைக்கிறீர் என்னும் கேள்விகளும் இடம்பெற்றன. அவற்றுக்கான விடை, இனி எழுதப்போகிறவருக்கு உடன் கற்றவர் தரும் பாயிரமன்றி வேறென்ன? எனவே தொடர்பதிவு ஒருவர் எழுதிய தனிப்பனுவல் அன்று. அதன் தொடக்கம் முந்தையவர் பதிவின் இறுதியில் உள்ளது.

அதன் முடிவோ பின்னூட்டத்தில் உள்ளது. பதிவோடு தொடர்பில்லாத கேலியும் கிண்டலுமாகப் பின்னூட்டங்களை நிரப்புவதைக் 'கும்மி' என்றனர். வட்டமிட்டுக் கைகொட்டும் ஆடலின் பெயர் இதற்குப் பொருந்தியது தற்செயல் அன்று. ஒருவர் எடுக்க மற்றவர் தொடுக்கும் அமைப்பு இரண்டிற்கும் பொது. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளை முகப்பில் காட்டியது. ஒவ்வொரு பின்னூட்டமும் பதிவை மீண்டும் வாசகர் கண்முன் நிறுத்தியது. கும்மி வெறும் அரட்டை மட்டுமன்று, பதிவின் ஆயுளை நீட்டும் வழியும் ஆயிற்று.

கேட்கப்படாதவை

இத்தனையும் கூறியபின் இவ்வடிவத்தின் குறையையும் கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளில் இத்தகைய வினாப்பட்டியல்களுக்கு விடையெழுதும் ஏடுகள் இருந்தன. 1865இல் கார்ல் மார்க்சும், பின்னர் இளம்வயதில் மார்செல் புரூஸ்தும் அவற்றில் எழுதினர். அவ்வரவேற்பறையின் எல்லைகள் முப்பத்திரண்டு கேள்விகளுக்கும் வந்துசேர்ந்தன. கையெழுத்து, மணம், உடையின் நிறம், கடைசியாக அழுத நாள் ஆகியவை கேட்கப்பட்டன. சாதி, நிலம், கூலி ஆகியவை கேட்கப்படவில்லை. அதே ஆண்டுகளில் அதே பதிவர்கள் தம் பிற பதிவுகளில் சாதியைப் பற்றிக் கடுமையாக வாதிட்டனர் என்பதையும் உடன்வைத்து நோக்குக. கருத்தாகப் பேசமுடிந்த ஒன்று, 'என்னைப் பற்றி' என்ற தலைப்பின்கீழ் வரமுடியவில்லை. அவையடக்கம் தந்த காப்பே இங்குத் தடையாயிற்று. மொக்கை என்று தொடங்கிய பதிவில் அவமானம் ஒன்றை விவரித்தால் விளையாட்டு கலைந்துவிடும்.

கேள்விகளின் எடையும் எல்லார்க்கும் ஒன்றன்று. வாழ்க்கைத்துணை இல்லாமல் செய்ய விரும்பும் ஒரே காரியம் எது என்னும் கேள்வி, விடையளிப்பவர் மணமானவர் என்றே கொள்கிறது. மணமான பெண் அதனை வெளிப்படையாக எழுதும்போது கணவரும் உறவினரும் வாசிப்பர் என்ற நினைப்போடுதான் எழுதவேண்டும். ஆதலால் நகைச்சுவையாக நழுவும் விடைகளை ஆழமின்மை என்று மதிப்பிடுதல் முறையன்று. வீட்டைவிட்டுச் சென்ற மிகுந்த தொலைவு எது என்னும் கேள்வி அயல்நாட்டில் பணிபுரிந்த பொறியாளருக்குப் பெருமிதத்திற்கான வாய்ப்பு. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து படிக்கவந்த முதல் தலைமுறை மாணவரிடம் அதே கேள்வியை வகுப்பில் வைத்தால், திருவண்ணாமலை என்பதே விடையாகலாம். அவ்விடையில் அடங்கிய பயணமோ பெரிது. இவ்வினாப்பட்டியலைப் படைப்பெழுத்துப் பயிற்சியாகக் கொள்ள எண்ணும் ஆசிரியர்கள் இதனை முன்னரே சிந்தித்தல் நன்று.

மேலும், சங்கிலி ஏற்கெனவே அறிந்தவரையே அழைக்கும். எட்டுப் பேர் எட்டெட்டுப் பேரை அழைத்தால் நான்காம் சுற்றில் 4,096 பேர் வேண்டும். அதற்கு முன்னரே, தாம் எண்ணியவர் அனைவரும் அழைக்கப்பட்டுவிட்டனர் என்ற முறையீடு எழுந்துவிடும். அழைப்பே பேசுவதற்கான உரிமையைத் தரும் இடத்தில், அழைக்கப்படாதவர் அமைதியாகவே இருந்தாக வேண்டும்.

ஆய்வாளர்க்கு இதில் இரு கடமைகள் உள்ளன. முதலாவது, பனுவலின் எல்லையைப் பற்றியது. வலைப்பதிவை அச்சுக்குக் கொண்டுவரும்போதும் தரவாகத் தொகுக்கும்போதும் அழைப்புப் பட்டியலையும் பின்னூட்டங்களையும் வெட்டிவிடும் வழக்கம் உள்ளது. தொடர்பதிவைப் பொறுத்தவரை அது பாயிரத்தையும் உரையையும் களைந்து நூற்பாவை மட்டும் வைத்துக்கொள்வது போலாகும். தேன்கூடு போன்ற திரட்டிகள் மறைந்துவிட்ட நிலையில், எஞ்சிய பதிவுகளையேனும் இணைப்புகளோடு சேமித்தல் வேண்டும்.

இரண்டாவது கடமை முதலாவதோடு முரண்படுகிறது. பிறந்த ஊர், பயின்ற பள்ளி, குழந்தையின் பெயர், புனைபெயருக்குப் பின்னுள்ள இயற்பெயர் ஆகியவற்றை ஒரு சிறு வட்டத்தை நம்பி எழுதியவர்கள் இவர்கள். போலிப் பெயர்களில் வந்தோரால் தொல்லையுற்று, பின்னர்த் தம் பதிவுகளை அழித்தோரும் அவர்களுள் உளர். அழிக்கப்பட்டதை இணையக் காப்பகத்திலிருந்து மீட்டு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்ப்பது தொழில்நுட்ப அளவில் எளிது. எழுதியவரின் இசைவின்றி அதனைச் செய்தலாகாது என்பதாலேயே, இக்கட்டுரை எந்தத் தனிப்பதிவரையும் பெயர் சுட்டவில்லை. எவர் பதிவின் வரியையும் எடுத்தாளவில்லை. கேள்விகளும் சொற்களும் பொதுச்சொத்து. விடைகள் அவ்வாறல்ல.