வெட்டுவதா, விட்டுப் பார்ப்பதா?

பிராஸ்டேட் சுரப்பியின் பயாப்ஸியில் புற்று உறுதியாகி, அது சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை என்றால் நோயாளிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: சுரப்பியை முழுதாக அகற்றுவது, கதிர்வீச்சு கொடுப்பது, எதுவும் செய்யாமல் தொடர்ந்து கண்காணிப்பது. புற்று என்று தெரிந்தபின் சும்மா இருப்பதா என்று வீட்டார் பதறுவது இந்த மூன்றாவது வழியைக் கேட்டுத்தான்.

எது பொருந்தும் என்பதற்கு முதல் துப்பு க்ளீசன் மதிப்பெண். வழக்கமாகப் பன்னிரண்டு இடங்களில் ஊசி செலுத்தி, நூலிழை போன்ற திசுத் துணுக்குகளை எடுக்கிறார்கள். அவற்றில் மிகுதியாகத் தெரியும் செல் அமைப்புக்கு ஓர் எண், கூடவே தெரியும் மற்றதற்கு ஓர் எண். 3+3 என்றால் பெரும்பாலும் மெதுவாக வளரும் புற்று. 3+4, 4+3 இரண்டுக்கும் கூட்டுத்தொகை 7தான். ஆனால் பின்னது கூடுதல் ஆபத்தானது. மொத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வருபவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

கண்காணிப்புக்குப் பெரும் வலு சேர்த்தது பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வு. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை வழியாகக் கண்டறியப்பட்ட 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று வழிகளுக்கும் பிரித்தார்கள். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, இந்தப் புற்றால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1%, அறுவையில் 2.2%, கதிர்வீச்சில் 2.9%. தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடு இது. சிகிச்சைக்குக் கொடுத்த விலையோ கண்கூடானது. ஆறாவது மாதத்தில், சிறுநீர்க் கசிவுக்காகப் பேட் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 46%, கண்காணிப்பில் 4%. ஆண்மைக் குறைவிலும் அறுவைதான் முன்னால் நின்றது. கதிர்வீச்சு குடல் தொல்லையையும் சேர்த்துக்கொண்டது.

இதை வைத்துக் கண்காணிப்பே மேல் என்று சொல்லிவிட முடியாது. நோய் பரவியவர்கள் கண்காணிப்பில் 9.4%, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 5%. பரவிய நோய்க்கான ஹார்மோன் மருத்துவம் உடலைப் படுத்தும் பாடு தனி. இறப்புக் கணக்கில் அது தெரியாது. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61% பேர் 15 ஆண்டுகளுக்குள் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போனார்கள். ஆகவே பலருக்கு இது சிகிச்சையைத் தவிர்ப்பதல்ல, தள்ளிப்போடுவது. அறுபதைத் தாண்டியவருக்கு அப்படிக் கிடைக்கும் சில ஆண்டுகளே பெரிய லாபம். ஐம்பதில் இருப்பவருக்கோ 15 ஆண்டுக் கணக்கு பாதி வழி வரைதான்.

ஆய்வில் நடந்த கண்காணிப்பும் தளர்வானது: முதன்மையாக பி.எஸ்.ஏ. அளவையே நம்பினார்கள், எம்.ஆர்.ஐ.யும் குறித்த காலத்தில் மறு பயாப்ஸியும் முறையாக இல்லை. இன்று இவை இரண்டும் சேர்ந்திருப்பதால் பலன் கூடும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. பங்கேற்றவர்கள் ஏறத்தாழ எல்லோருமே வெள்ளையர்கள் என்பதையும் மறக்கலாகாது.

3+3 வந்தவருக்குக் கண்காணிப்பே முதல் தேர்வாக இருக்கத் தகும். 3+4இல், 4 வகைச் செல்கள் சொற்பமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். 4+3 முதல் மேலே போனால், ஆயுள் எதிர்பார்ப்பு நன்றாக உள்ளவருக்கு இது ஏற்றதல்ல. பரிசோதனைக்கு ஒழுங்காக வர இயலாதவருக்கும் அப்படியே. ஒரே கண்ணாடித் துண்டைப் பார்க்கும் இரு நோய்க்குறியியல் வல்லுநர்கள் வேறு வேறு எண் தருவதும் உண்டு. அதனால் 3க்கும் 4க்கும் இடையில் தடுமாறும் அறிக்கையை இன்னொருவரிடம் காட்டிவிட்டே தேர்வைத் தொடங்க வேண்டும். குறைந்த ஆபத்துள்ள புற்றில் அதற்காகும் சில வாரங்களால் கெடுதல் இல்லை.