அலுமினியக் குச்சியும் கல்வராயன் மலை ஏற்றமும்

உடைந்த அலுமினிய வார்ப்பை ஒட்டிக் காட்டும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. பளபளன்னு இரண்டு பட்டை, கேஸ் டார்ச், ஒரு குச்சி. குச்சி உருகி ஓடும். ஆறினதும் சுத்தியலால் நாலு அடி. பட்டை வளையும், ஒட்டு விடாது. இனி வெல்டிங்கே வேண்டாம் என்று வீடியோ முடியும். காட்டுவதில் பொய் இல்லை. ஆனால் பட்டறைக்கு வரும் வேலை அது இல்லையே.

அந்தக் குச்சி பெரும்பாலும் துத்தநாகம், கொஞ்சம் அலுமினியம். 380–400 டிகிரியில் உருகிவிடும். சுத்த அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். சிலிக்கான் கலந்த எஞ்சின் வார்ப்பு 540 வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். இந்த இடைவெளிதான் குச்சியின் வசதி. அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. நின்றபடி நின்று திடீர்னு சரியும். அதனால்தான் பழைய கேஸ் வெல்டர்கள் சோப்பால் ஒரு கோடு கிழித்து, அது கறுக்கிற நேரத்தை வைத்துச் சூட்டைக் கணித்தார்கள். அப்புறம் ஆக்சைடு தோல். காற்று பட்டதும் படிந்துவிடும், 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். குச்சி உருகும்போதே கம்பி பிரஷ்ஷால் அதைக் கிழிக்கணும். புதுப் பட்டையில் இது சுலபம்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் எது உடையும்னு பாருங்க. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு மூட்டையோடு ஏறும் பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட். கல் அடித்து கிராங்க் கேஸ் விரியும், இல்லன்னா செயின் அறுந்து சுருண்டு கேஸைக் குத்தும். அந்த வார்ப்பு வருஷக்கணக்கா எண்ணெய் குடித்தது. சூடு பட்டதும் துளைகளிலிருந்து எண்ணெய் வியர்த்து வரும். அதன் மேல் எந்த உலோகமும் பிடிக்காது. முதலில் சூடாக்கி, துடைத்து, மறுபடி சூடாக்கி எண்ணெயை வற்ற வைக்கணும். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போடணும், இல்லன்னா அது மேலும் ஓடும். பிறகு 'வி' மாதிரி அரைத்துத் திறக்கணும். வேலையில் பாதி இதுதான். வீடியோவில் இது வருவதே இல்லை.

இன்னும் பெரிய குறை, எந்த எஞ்சின் என்று கேட்காமலே வைத்தியம் சொல்வது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் கசிந்தால் ஆயில் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்ப். பெட்ரோல் கலவை அதன் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகுது. முடி அளவு விரிசல் இருந்தாலும் காற்றை இழுக்கும், கலவை மெலியும். பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும். ஏற்றத்தில் சூடாகி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அது வருமானம் நிற்கிற நாள். சுத்தியல் அடிக்கு நின்ற ஒட்டு காற்றைத் தடுக்குமா என்று யாரும் சோதித்துக் காட்டுவதில்லை.

இதே குச்சியைப் பழைய அவுட்போர்டு மோட்டாருக்கும் சிபாரிசு செய்கிறார்கள். கடல் எஞ்சினில் துத்தநாகக் கட்டியை எதற்கு மாட்டுகிறார்கள்? உப்புத் தண்ணீரில் அலுமினியத்துக்குப் பதிலாக அது அரிக்கப்படட்டும் என்றுதான். அப்போ துத்தநாக ஒட்டை அடிப்பகுதியில் போட்டால் முதலில் கரைவது ஒட்டுதான். கடலூர்ப் படகுக்கு ஆகாதது வெள்ளிமலை மொபெட்டுக்கு ஆகலாம். மலையில் உப்புத் தண்ணீர் இல்லை.

ஆகலாம் என்பதுக்கும் எல்லை உண்டு. துத்தநாகக் கலவை 100 டிகிரியைத் தாண்டினால் சுமையில் மெல்ல நெகிழும். சுமையில்லாத ஓட்டைக்கு, மூடிக்குச் சரி. எஞ்சினைத் தாங்கும் காதுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் வேண்டவே வேண்டாம்.

ஆர்கான் வெல்டிங் இல்லன்னா தூக்கிப் போடு என்கிற கட்சியும் இருக்கு. அவர்கள் பேச்சில் பாதி நியாயம். ஆனால் டை காஸ்ட் வார்ப்புக்குள் அடைபட்ட வாயு ஆர்கானிலும் குமிழியாகக் கொதித்து வரும். பேரிங் உட்காரும் இடம் சூட்டில் கோணலாகும். கேஸின் இரு பாதியையும் சேர்த்து போல்ட் போட்டுத்தான் வெல்டு வைக்கணும். இந்தக் கட்சி சொல்வதில் நான் முழுசா ஏற்பது ஒன்று: குச்சி போட்ட இடத்தில் அப்புறம் ஆர்கான் நிற்காது. வெல்டிங் சூட்டில் துத்தநாகம் கொதித்து வெல்டைக் கெடுக்கும், அத்தனையையும் அரைத்து எடுத்தாகணும். எம்-சீல் அப்பிவிட்டு வந்தாலும் அதே கதைதான். முதல் கை தப்பானால் இரண்டாம் கையின் செலவு கூடும்.

சோதனைக்கு லேப் எதுவும் தேவையில்லை. கேஸ் தனியா இருக்கும்போதே ஒட்டின் ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் மண்ணெண்ணெய். ஊறினால் சுண்ணாம்பில் கறை தெரியும். மாட்டின பிறகு கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, டியூப் வால்வு வழியா 5, 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கணும். குமிழி வந்தால் கழற்றி, அதே இடத்தை அரைத்துத் திறந்து, எண்ணெய் வற்ற வைப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.