கொலையுதிர் காலமும் அச்சச் சுவையும்

அச்சம் பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறுவர். 1981-இல் குமுதம் இதழில் சுஜாதா தொடராக எழுதிய ‘கொலையுதிர் காலம்’ என்னும் நெடும்புதினம் இவற்றுள் முதலாவதில் தொடங்கி மூன்றாவதில் முடிய முயல்கின்றது. பேயெனக் கண்டது மாந்தர் சூழ்ச்சியே என நிறுவுதல் அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

லீனா என்னும் இளம்பெண்ணுக்கு உரிமையாக வேண்டிய பெருஞ்சொத்தும், அதனைப் பேணிவரும் குமாரவியாசனும், அது குறித்து வரும் வழக்கறிஞர் கணேஷ், வசந்த் இருவருமே கதையின் அடிப்படை. இரவில் மரங்களிடையே பெண்ணுருவம் தோன்றும் பகுதிகளில் ஆசிரியரின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுகின்றது. உருவத்தை அவர் விரித்து வருணிப்பதில்லை. கண்டவனுடைய மெய்ப்பாட்டையே சிறுசிறு தொடர்களால் காட்டிச் செல்கின்றார். ஏரிக்கரைப் புளியமரத்து முனிக்கதைகளைக் கேட்டு வளர்ந்த எம் உத்திரமேரூர்ப் பக்கத்து மாணாக்கரும், வளமனைச் சூழலில் நிகழும் இக்கதையைப் படித்து அஞ்சியதாகவே கூறுகின்றனர். வசந்தின் நகை அச்சத்தைக் குலைக்கும் என்பாருளர். அது பொருந்தாது. கலிங்கத்துப்பரணியின் பேய்களும் நகைக்கு இடமாவனவே. நகைத்து நெகிழ்ந்த நெஞ்சில் அடுத்த அச்சம் ஆழப் பதிகின்றது. ஆயினும் பெண்டிரைக் கண்டவிடத்தெல்லாம் அவன் பேசும் பேச்சு சலிப்பூட்டுவதே.

குறை, விளக்கம் கூறுமிடத்தில் உள்ளது. தோன்றிய உருவம் லேசர் ஒளியால் ஆக்கிய ஹோலோகிராம் என்பது கணேஷின் முடிபு. ஹோலோகிராபியைக் கண்ட டென்னிஸ் கேபர் 1971-இல் நோபல் பரிசு பெற்றார். பத்தே ஆண்டுகளில் அக்கலையைத் தமிழ்ப் புதினத்துள் கொணர்ந்தது பாராட்டுதற்குரியது. ஆனால் அத்தகைய உருவத்தைக் காண்போன், அது பதிந்த தகட்டை நோக்கியவாறே நிற்றல் வேண்டும். கண்ணுக்கு நேரே தகடின்றி, திறந்த வெளியில் தன்னந்தனியே உருவம் எழாது. மரங்களிடையே உலவிய உருவத்திற்கு அத்தகடு எங்கே? பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய ஆசிரியர் இதனை அறியாதவரல்லர். வாரந்தோறும் வியப்பினைக் கூட்டிச் சென்ற தொடரமைப்பு, இறுதியில் ஒரே விளக்கத்தின் தலைமேல் தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றிவிட்டது எனலாம்.

கணேஷின் முடிபை வசந்த் முழுதும் ஏற்காமல் நிற்க, புதினம் ஐயத்தோடு முடிகின்றது. இதனைப் புதுமை எனப் போற்றுவோர் பலர். இரு முடிபுகளும் ஒத்த வலிமையுடன் நின்றிருந்தால் அப்போற்றுதல் தகும். ஈண்டோ அறிவியல் விளக்கம் தன்னளவில் நொய்தாதலால், ஆசிரியர் கருதியதற்கும் மேலாக வசந்தின் பக்கமே வலுப்பெறுகின்றது. கள்வரிடம் கொண்டு சேர்க்கப் புறப்பட்ட அச்சம் அணங்கினிடமே மீண்டுவிட்டது.