நோயாளியின் வாக்குமூலம்

ஓர் இலக்கியப் படைப்பு எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பது, அப்படைப்பைப் பற்றி மட்டுமன்றி, அதனை வாசித்த சமுதாயத்தைப் பற்றியும் பல உண்மைகளை நமக்கு உணர்த்துவதாகும். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பேர்க்கின்ஸ் கில்மனின் 'மஞ்சட் சுவர்த்தாள்' என்ற சிறுகதை 1892ஆம் ஆண்டு வெளிவந்தது. நெடுங்காலம் அது திகிலூட்டும் கதைகளின் வரிசையிலேயே வைத்து எண்ணப்பட்டது. 1973இல் பெண்விடுதலையை நோக்கமாகக் கொண்ட பதிப்பகமொன்று அதனைத் தனிநூலாக வெளியிட்ட பின்னரே, அது பேயைப் பற்றிய கதையன்று, வைத்தியத்தைப் பற்றிய கதை என்பது பரவலாக உணரப்பட்டது.

கதை எளிமையானது. பிள்ளைப்பேற்றின் பின் மனந்தளர்ந்த ஓர் இளந்தாய், அவளுடைய கணவன் ஜோன் ஒரு வைத்தியன், சகோதரனும் வைத்தியனே. கோடைகாலத்துக்கென வாடகைக்குப் பெற்ற மாளிகையின் மேன்மாடியில், யன்னல்களுக்குக் கம்பியிட்ட ஓர் அறையில் அவள் ஓய்வுக்காக வைக்கப்படுகிறாள். எழுதுவது தடுக்கப்படுகிறது. எவருமறியாமல் அவள் எழுதிவரும் குறிப்புகளே கதையாக விரிகின்றன. சுவரில் ஒட்டிய மஞ்சட் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் சிறைப்பட்டு நிற்பதாக அவள் காண்கிறாள். ஈற்றில் தாளைக் கிழித்தெறிந்து, தானே அப்பெண்ணாகித் தரையில் ஊர்கிறாள். அதுகண்டு மயங்கி வீழ்ந்த கணவனின் மேலாகவும் ஊர்ந்து செல்கிறாள்.

ஜோன் கொடியவனாகப் படைக்கப்படவில்லை என்பதே இக்கதையின் பெருஞ்சிறப்பு. அவன் மனைவியை அடிப்பதில்லை; ஏசுவதுமில்லை. அவளைக் கைகளில் ஏந்திச் செல்கிறான். குழந்தையைக் கொஞ்சுவதுபோற் கொஞ்சுகிறான். ஆனால், தனக்குச் சுகமில்லை என்று அவள் கூறும்போது, சுகமடைந்து வருகிறாய் என்று தீர்ப்பளிப்பவன் அவனே. அவளுடைய உடலைப் பற்றி அவளுடைய சொல் சாட்சியாக ஏற்கப்படுவதில்லை. கொடுங்கோன்மையை எதிர்த்துக் குரலெழுப்பலாம். அன்பின் வடிவில் வரும் ஆதிக்கத்தை எதிர்ப்பவளோ நன்றிகெட்டவள் என்றோ, பித்துப் பிடித்தவள் என்றோ பெயர் பெறுகிறாள்.

இது வெறுங் கற்பனையன்று. 1885இல் மகளைப் பெற்றெடுத்தபின் கடும் மனச்சோர்வுற்ற கில்மன், 1887இல் பிலடெல்பியாவில் நரம்பியல் வைத்தியர் வியர் மிச்செலிடம் சிகிச்சை பெற்றார். படுக்கை, மிகையான உணவு, தனிமை என்பனவே அந்த 'ஓய்வுச் சிகிச்சை'யின் அங்கங்கள். வீடு திரும்பியபின் பேனாவையும் தூரிகையையும் வாழ்நாள் முழுவதும் தொடக்கூடாது என்பது அவருக்குக் கிடைத்த அறிவுரை. இதே மிச்செல், நரம்புத் தளர்ச்சியுற்ற ஓவன் விஸ்டர் என்ற இளைஞரை 1885இல் மேற்கே வயோமிங் மாநிலப் பகுதிக்குச் சென்று திறந்தவெளியில் வாழுமாறு அனுப்பிவைத்தார். அவ்வாழ்க்கையின் பயனாக விஸ்டர் 1902இல் 'வர்ஜீனியன்' என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதினார். ஆணுக்குப் பரந்த வெளி. பெண்ணுக்கு மூடிய அறை! ஒரே வைத்தியர் வழங்கிய இவ்விரு மருந்துச் சீட்டுகளையும் எழுதியது விஞ்ஞானமா, சமுதாய வழக்கமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

கதை சொல்பவள் நம்பத்தக்கவளா என்ற வினாவை எழுப்பி, அதனை வெறும் உத்திப் பிரச்சினையாக ஆராயும் விமர்சகர் உளர். அவர்கள் தம்மையறியாமலே ஜோனின் நாற்காலியில் அமர்ந்துவிடுகின்றனர். இங்கு உருவம் உள்ளடக்கத்திலிருந்தே பிறந்துள்ளது. சொல்வது நம்பப்படாத ஒருத்திக்குக் களவாக எழுதும் குறிப்பைத் தவிர வேறு இலக்கிய வடிவம் ஏது?

எனினும், படைப்பின் எல்லையையும் சுட்டுவது விமர்சகன் கடனாகும். இக்கதையில் மேரி என்றொரு பணிப்பெண் உண்டு. தாய் படுத்திருக்கக் குழந்தையை வளர்ப்பவள் அவளே. அவளுக்கு ஓய்வுச் சிகிச்சையுமில்லை, குறிப்பேடுமில்லை. 1898இல் வெளியிட்ட 'பெண்களும் பொருளாதாரமும்' என்ற நூலில், பெண்ணடிமையின் வேர் பொருளாதாரச் சார்பிலேயே உள்ளதென வாதித்த அதே கில்மன், 1908இல் ஒரு சமூகவியல் ஏட்டில், தற்சார்பற்றோர் எனக் கருதப்படும் கறுப்பின மக்களை அரசு கட்டாய உழைப்புப் படைகளிற் சேர்க்கவேண்டுமென எழுதினார். தன் அறையின் கம்பிகளைக் கண்ட கண்கள் பிறருடைய சிறையைக் காணத் தவறிவிட்டன. இதனால் கதையின் உண்மை பொய்யாகிவிடாது. ஆனால், போராட்டம் எங்கே அரைகுறையாக நின்றது என்பது தெளிவாகின்றது.

தம் கதையை வாசித்த மிச்செல் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டதாகக் கேள்வியுற்றதைக் கில்மன் 1913இல் குறிப்பிட்டார். அதனை உறுதிசெய்யும் சான்று பின்வந்த ஆய்வாளருக்குக் கிட்டவில்லை. தனியொருவரின் மனமாற்றத்தால் அமைப்பு மாறிவிடுவதுமில்லை. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்குமாறு நெறிமுறை வகுத்தது. பாதுகாப்பே இதற்குக் கூறப்பட்ட காரணம். ஜோன் கூறியதும் இதுவேயன்றோ? 1993இல்தான் அந்நெறிமுறை நீக்கப்பட்டது. அரசுநிதி பெறும் மருத்துவ ஆய்வுகளிற் பெண்களைச் சேர்க்கவேண்டுமெனச் சட்டமும் இயற்றப்பட்டது. 1992இல் அனுமதிக்கப்பட்ட சொல்பிடெம் என்ற தூக்கமருந்து பெண்களின் உடலிலிருந்து தாமதமாகவே நீங்குகிறது என்ற காரணத்தால், அவர்களுக்குரிய அளவு 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது 2013இலேயே.

மேரியின் வழித்தோன்றல்களின் நிலை என்ன? 2023ஆம் ஆண்டின் அமெரிக்க அரச கணக்குப்படி, ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மாரில் 14.5 பேரும், கறுப்பினத் தாய்மாரில் 50.3 பேரும் மரணமடைந்தனர். செல்வமும் விஞ்ஞானமும் மிக்க ஒரு நாட்டில் இவ்வேறுபாட்டை இயற்கையின் விளைவென்று எவரும் கூறமுடியாது. வருமானம், காப்புறுதி, இனப்பாகுபாடு என்பவற்றோடு, நோவை எடுத்துரைக்கும் பெண்ணின் சொல்லுக்கு வைத்தியசாலையில் அளிக்கப்படும் மதிப்பும் இங்கு சேர்த்து நோக்கப்படவேண்டியது.

சமத்துவம் என்பது வாக்குச்சீட்டோடும் பட்டப்படிப்போடும் முடிந்துவிடும் காரியமன்று. தன் உடலைப் பற்றித் தானே சாட்சி சொல்லும் உரிமையும், அச்சாட்சி ஏற்கப்படும் உரிமையும் அதன் பிரிக்கமுடியாத பகுதிகளாம். மாளிகையின் மேன்மாடியில் இருந்தவளுக்கு அவ்வுரிமையைக் கோரியது கில்மனின் கதை. கீழே குழந்தையைத் தாலாட்டியவளுக்கும் அதனைக் கோருவதே இனி எழுதப்படவேண்டிய இலக்கியத்தின் பணியாகும்.