சுவரில் ஒரு நாட்டுப்படலம்

"சேர், சிலை பாக்கிறத்துக்கா புள்ளைகளக் கூட்டிட்டுப் போறீங்க?" ஒரு மாணவனின் உம்மா கேட்டார். கேள்வியில் குற்றமில்லை. "கும்பிடப் போகல்ல, படிக்கத்தான் போறம்" என்று சொன்னேன். எதைப் படித்தோம் என்பதற்கே இந்தக் கட்டுரை.

கிழக்கிலிருந்து ஆசிரியராக வந்து தெமோதரையில் தங்கிவிட்டவன் நான். பண்டாரவளை பஸ்ஸில் தோவ விகாரையை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், இறங்கியதில்லை. சித்திர பாடத்துக்காகக் கண்டி மரபு ஓவியத்தைப் பாடமாக்கும் நம் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை இறங்கினோம்.

பாறையில் 38 அடி உயரத்தில் முற்றுப்பெறாத புத்தர் சிலை. வலகம்பா மன்னன் காலத்தது என்பார்கள். வருவோர் பெரும்பாலும் அதைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்னை நிறுத்தி வைத்தவை குகைக்குள் இருந்த கண்டி மரபுச் சுவரோவியங்கள்.

18ஆம் நூற்றாண்டில் செழித்த மரபு அது. சிவப்புத் தளம், மஞ்சள், வெள்ளை, கறுப்புக் கோடு. ஒரே ஆள் ஒரே பட்டையில் பலமுறை வருவான். கதையை வரிசையாக வாசிக்க வேண்டும். வெற்றிடத்தைப் பூக்கள் நிரப்பும். இந்த மரபில் ஜாதகக் கதை வட இந்தியாவில் நடக்கும், உடுப்போ கண்டிப் பிரதானிகளின் உடுப்பு.

இதை வரலாற்றுப் பிழை என்று சொல்லலாம். ஆனால் தமிழ் படித்தவனுக்கு உடனே உமறுப்புலவர் நினைவுக்கு வருவார். 17ஆம் நூற்றாண்டின் சீறாப்புராணத்தில், நாட்டுப்படலத்து அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. புலவருக்குப் பாலை தெரியாது என்று அதைத் தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. அது அறியாமையல்ல. தூரத்துப் புனிதத்தைத் தன் ஊர் மண்ணுக்கு அழைத்து வருவதுதான் புலவர் செய்த வேலை. ஓவியன் செய்ததும் அதுவே.

வேறுபாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. ஓவியன் போற்றப்படுபவரையே வரைந்தான். புலவர் சொல்லோடு நின்றார். நம் எல்லை அங்கே இருக்கிறது. அது வணங்குவதைத்தான் தடுக்கிறது, பார்ப்பதை அல்ல. பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி குர்ஆனே பல இடங்களில் ஏவுகிறது.

பின்னேரம் பதுளை கதிர்காம தேவாலயத்துக்குப் போனோம். சுவரில் பெரஹெர ஊர்வலம் மங்கிப்போய் இருந்தது. "இதப் பாதுகாக்க ஆளில்லையா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்கு நம்முடைய கணக்கு ஞாபகம் வந்தது.

கீழக்கரை, காயல்பட்டினப் பழைய பள்ளிகளில் கோயில் கட்டிய அதே தச்சு மரபு, உருவம் தவிர்த்துக் கொடியும் பூவுமாகக் கல்லில் நிற்கிறது. அதுவும் ஒரு நாட்டுப்படலமே. நான் சின்ன வயதில் தொழுத பள்ளியின் செதுக்கிய மரத்தூண்களோ, புதுக்கட்டடம் எழும்பியபோது விறகாகின. அந்த இடத்தில் இப்போது பளபளக்கும் டைல்ஸ். எந்த ஊருக்கும் பொருந்தும், எந்த ஊரையும் சொல்லாது. உடைக்குமுன் ஒருவரும் ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. நானும்தான்.

பிறர் கலையைப் பார்க்கக் கூச்சப்பட்ட கண், நம் கலையையும் பார்க்கப் பழகவில்லை. அடுத்த தவணையில் பிள்ளைகள் அளவுநாடாவோடும் கொப்பியோடும் ஒரு பழைய பள்ளிக்குப் போகிறார்கள். அந்த உம்மாவும் சம்மதித்துவிட்டார்.