46 லட்சம் சாதிகள்: ஒரு கட்டத்தின் அரசியல்

2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் ஒன்றிய அரசு ஒரு கணக்குச் சொன்னது. 1931 கணக்கெடுப்பில் சாதிகள் 4,147. 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேல். எனவே இந்தத் தரவு எதற்கும் உதவாது என்பது அரசின் வாதம். சாதிச் சமூகத்தின் சிக்கல் அப்படி என்று நாமும் மலைத்துப்போகலாம். ஆனால் இந்த எண்ணைப் பெற்றுப் போட்டது சாதி அல்ல, ஒரு கட்டம்.

கணினித் தரவுத்தளத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் சரிபார்ப்பு விதி உண்டு. வயது என்றால் எண் மட்டும். மாவட்டம் என்றால் பட்டியலில் இருப்பது மட்டும். 2011இல் சாதிப் புலத்துக்கு அப்படியொரு பட்டியல் முன்கூட்டித் தயாரிக்கப்படவில்லை. ஒருத்தர் சாதிப் பெயரைச் சொன்னார், ஒருத்தர் உட்பிரிவை, இன்னொருத்தர் பட்டப் பெயரை. காதில் விழுந்தபடி அடித்துப் போட்டாயிற்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எந்திரத்துக்கு ஒரு எழுத்து மாறினாலும் வேறு சாதிதான். மலபாரின் மாப்பிளாக்கள் நாற்பது விதமாக எழுதப்பட்டு நாற்பது சாதியான கதையை அந்தப் பத்திரமே சொல்கிறது. பழி கணக்கெடுத்தவர்மேல் விழுந்தது. விதியை எழுதாமல் விட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தடையற்ற கட்டம் மக்கள் குரலுக்குத் திறந்த கதவு மாதிரித் தெரியும். இங்கே அது எல்லோரையும் பேசவிட்டு, பேசியதைக் கணக்கில் சேராத இரைச்சலாக்கிவிட்டது. சாதி எண்ணிக்கை வெளியாகவே இல்லை.

அப்படியானால் பட்டியல் போட்டுவிட்டால் தீர்ந்ததா? 2023இல் பீகார் பட்டியல் போட்டது. சாதிக்கொரு குறியெண். அதில் 22ஆம் எண் திருநர்களுக்கு! பாலினப் புலத்தில் இருக்க வேண்டிய மதிப்பு சாதிப் புலத்துக்குள் வந்து உட்கார்ந்தது. எதிர்ப்பு எழுந்து விவகாரம் பாட்னா உயர் நீதிமன்றம் வரை போனது; பாலினப் பகுதியிலும் அவர்களுக்கு இடமுண்டு என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. எந்திரம் இதைப் பிழை என்று சொல்லாது. 22 பட்டியலில் இருக்கிறதா? இருக்கிறது. சரி. 'செல்லத்தக்கது' என்பதும் 'உண்மை' என்பதும் பிரிகிற இடம் இது.

ஆக, பட்டியலும் ஒரு பிரதிதான். அதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021இல் தமிழகத்தின் ஏழு பட்டியல் சாதிப் பெயர்கள் நாடாளுமன்றச் சட்டத்தால் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப் பெயரின்கீழ் வந்தன. தரவுத்தளத்துக்கு இது சில வரிகளின் திருத்தம். அந்த வரிகளுக்குப் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

வெற்றுக் கட்டத்தையும் சும்மா விடக்கூடாது. 'எனக்குச் சாதி இல்லை', 'சொல்ல மாட்டேன்', 'என்னிடம் யாரும் கேட்கவே இல்லை' என மூன்று மௌனங்கள் உண்டு. முதலாவது ஒரு அரசியல் நிலைப்பாடு, இரண்டாவது உரிமை, மூன்றாவது அரசின் தவறு. மூன்றையும் ஒரே வெற்றிடமாகப் பதிந்தால் சாதி மறுப்பாளனும் விடுபட்ட குடிசைக்காரனும் ஒன்றாகிவிடுவார்கள். புலத்தைக் 'கட்டாயம்' என்று ஆக்கினாலோ, கணக்கெடுப்பவர் அடுத்த பக்கம் போவதற்காக எதையாவது தட்டிவிடுவார்.

2025 ஏப்ரல் 30 அன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று ஒன்றிய அரசு முடிவெடுத்தது. அந்த ஜூன் மாத அறிவிக்கை நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாக்கியது. சாதியை எண்ணு என்று கேட்டதோடு நம் வேலை முடிந்துவிடாது. நாம் கேட்க வேண்டியது இரண்டு புலம். ஒன்றில் மனிதர் சொன்ன சொல், சொன்னபடியே, யாரும் திருத்த முடியாமல். மற்றதில் குறியெண். எந்தச் சொல் எந்த எண்ணில் சேர்க்கப்பட்டது என்ற இணைப்புப் பட்டியல் பொதுவில் வர வேண்டும்; ஆட்சேபிக்கவும் மாற்றவும் வழி வேண்டும். பட்டியலில் இல்லாத சொல்லை விதி எச்சரிக்கலாம், மறுக்கக்கூடாது. 'இதர' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழுத இடம் வேண்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் ஒதுங்குவது பழைய பழக்கம். இடஒதுக்கீட்டு வழக்குகளில் அரசு கையை விரித்துக் காட்டியது இந்தச் சமாச்சாரத்தைத்தான். கேள்வித்தாளை விவாதிப்பதைப் போலவே சரிபார்ப்பு விதிகளையும் வெளியிடச் சொல்லி, கணக்கெடுப்புக்கு முன்பே விவாதிக்க வேண்டும்.